சலோமியக்கா கொடுத்த ஜன்னல்

எங்க சபையில யார் காலமானாலும் ஜீவிய சரித்திரம் எழுதினது நான்தான். அடக்க ஆராதனையில பெட்டியை நடுவுல வச்சு, பாஸ்டர் ஜெபம் பண்ணி முடிச்சதும், ஒருத்தர் எழுந்து போய் வாசிக்கணும். செத்தவங்க பிறந்தது, ஞானஸ்நானம் எடுத்தது, கட்டிக்கிட்டது, பெத்தது, வேலை பார்த்தது எல்லாம் ஒரு பக்கத்துக்குள்ள அடங்கணும். அந்த ஒருத்தர் இருபத்திரண்டு வருஷம் நான், சபை செக்ரெட்டரி தியோடர். கையெழுத்து நல்லா இருக்கும், குரல் கணீர்னு இருக்கும், கோட்டு போட்டா ஆள் லட்சணமா இருப்பான்னு கொடுத்த வேலை. நூறுக்கு மேல எழுதியிருப்பேன். நூறு பேரும் நல்லவங்க. பொண்டாட்டியைப் போட்டு அடிச்சவனைக்கூட 'அன்பான கணவர்'னு எழுதியிருக்கேன். பெட்டிக்குள்ள இருக்கிறவன் எழுந்து வந்து இல்லைன்னு சொல்லப் போறானா என்ன?

சலோமியக்காவுக்கும் 2003 ஜனவரியில ஒரு பக்கம் எழுதினேன். அந்த ஒரு பக்கத்துல இல்லாததுதான் இது. எழுத எனக்கு வெட்கமாத்தான் இருக்கு. இருக்கட்டும், பட்டுத் தொலையட்டும்.

அக்கா யாருன்னு முதல்ல சொல்லிடறேன். ஜீவனஹள்ளியில ஒரு சந்துக்குள்ள ஒத்த ரூம் வீடு. புருஷன் கிளெமென்ட் பெயின்டர். கல்யாணமாகி ஆறாவது வருஷம் சாரத்துல இருந்து விழுந்து போய்ச் சேர்ந்துட்டாரு. ஒரே மக கேரல், நர்சரி ஸ்கூல் டீச்சர். அக்கா ஆள் குள்ளம், குரல் மட்டும் ஆறடி. காய்கறி வண்டிக்காரன்கிட்ட விலை கேக்கிறது தமிழ்ல, பேரம் பேசுறது கன்னடத்துல, திட்டுறது மட்டும் தக்னி உருதுல. மூக்குப்பொடி போடுவாங்க. கோயிலுக்குள்ள போடமாட்டாங்க, ஆனா பிரசங்கம் இருபது நிமிஷத்தைத் தாண்டிச்சுன்னா டப்பா மூடியை விரலால தட்டுற சத்தம் கேக்கும். பாஸ்டர்மார் மாறி மாறி வந்தாலும், அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் எல்லாருக்கும் ஒரே மாசத்துல புரிஞ்சிடும்.

வசதிக்காரங்க ஏரியாவான ரிச்சர்ட்ஸ் டவுன்ல ஒரு பெரிய பங்களாவுல முப்பத்தஞ்சு வருஷம் சமையல் வேலை பார்த்தாங்க. அரிசி, சர்க்கரை, நெய் எல்லாம் வச்சிருந்த உக்கிராண அறையோட சாவி அவங்க இடுப்புலதான் இருக்கும். அந்த வீட்டம்மா ஒருநாள்கூட உள்ள வந்து எது எவ்வளவு இருக்குன்னு பார்த்ததில்லையாம். அக்காவுக்கு உலகத்துல இருந்த ஒரே கர்வம் அதுதான். அப்படி நம்பினதை எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க, கேட்டவங்ககிட்டயே மறுபடியும் சொல்லுவாங்க.

இனி என் யோக்கியதை. சபையில எனக்கு 'ரிச்சர்ட்ஸ் டவுன் தியோடர்'னு பேரு. பொய்யில்லை, அங்கதான் வளர்ந்தேன். எந்த வாசல் வழியா போய் வந்தேன்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல. அதே பங்களாவுல எங்கம்மா ஆயா. பின்பக்கம் விறகு அடுக்குற கொட்டகையை ஒட்டியிருந்த அவுட்ஹவுஸ்ல நாங்க இருந்தோம். அப்பா நான் பிறந்த வருஷமே போயிட்டாரு. டிராஃப்ட்ஸ்மேன் படிப்பை முடிச்சிட்டு 1962லயும் 63லயும் வேலையில்லாம சுத்தினேன், அப்ப எனக்கு இருபத்தோரு வயசு. அம்மாவுக்கு அந்த வீட்டுல சாப்பாடு உண்டு. வளர்ந்த பிள்ளைக்கு யார் போடுவா?

சலோமியக்கா போட்டாங்க. என்னைவிட மூணு வயசு பெரியவங்க. மதியம் ரெண்டரை மணிக்கு வீட்டுக்காரங்க சாப்பிட்டுப் படுத்ததும், சமையலறை ஜன்னலுக்கு வெளிய போய் நிப்பேன். அது கம்பி இல்லாத ரெட்டைக்கதவு ஜன்னல், பர்மா தேக்கு. அடிக்கட்டை ஒரு முழ அகலம் இருக்கும். 'தம்பி, பிடி'ன்னு தட்டை அந்தக் கட்டை மேல வைப்பாங்க. சோறு, குழம்பு, அதுக்கு மேல அப்பதான் பொரிச்ச ஒரு அப்பளம். பணக்கார வீட்டு மிச்சம்னு நினைச்சுக்கிட்டு, சுவத்தைப் பார்த்துத் திரும்பி நின்னு, அவசர அவசரமா அள்ளிப் போட்டுக்குவேன். ரெண்டு வருஷம், ஞாயித்துக்கிழமை நீங்கலா தினமும் இதேதான்.

1964ல ஒரு பெரிய தொழிற்சாலையில வரைபடப் பிரிவுல வேலை கிடைச்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு அம்மா போயிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த கேட்டை நான் மிதிக்கவே இல்ல. ஹெட்மாஸ்டர் ஒருத்தர் தன் பொண்ணைக் கொடுத்தாரு. பூர்வீகம் எதுன்னு கேட்டாரு, 'ரிச்சர்ட்ஸ் டவுன்தான் மாமா'ன்னு சொன்னேன். அவர் தலையாட்டின விதத்துலயே எந்த மாதிரி வீட்டை நினைச்சுக்கிட்டாருன்னு தெரிஞ்சுது. நான் திருத்தல. கல்யாணத்துக்குச் சலோமியக்கா வந்தாங்க, சாப்பிட்டாங்க. போகும்போது 'வர்றேங்க ஐயா'ன்னாங்க. அன்னைக்கு முதல் நான் 'ஐயா', அப்புறம் 'செக்ரெட்டரி ஐயா'. தம்பின்னு ஒரு தடவைகூட வாய் தவறினதில்லை. என் சம்சாரத்துக்கு அவங்க சபையில ஒரு சமையக்கார அம்மா, அவ்வளவுதான். அவங்களா எனக்காக அந்த ஜன்னல் கதவைச் சாத்தி வச்சாங்க. நான் கேக்கவும் இல்ல, நன்றி சொல்லவும் இல்ல.

1994க்கு வருவோம். எங்க கோயில் இருநூறு பேருக்குக் கட்டினது, ஞாயித்துக்கிழமை ஐநூறு பேர் வந்தாங்க. பாதிப் பேர் வெளிய ஷாமியானா கீழ. மழை வந்தா குடையைப் பிடிச்சுக்கிட்டே ராப்போஜன அப்பம் வாங்கினவங்க உண்டு. தெற்குச் சுவத்தை இடிச்சு ஒரு பெரிய பகுதியைச் சேர்த்துக் கட்டறதுன்னு முடிவாச்சு. கட்டடக் கமிட்டித் தலைவர் அலெக்சாண்டர் சார், ரிடையரான எஞ்சினியர். அதிகம் பேசமாட்டாரு, பேசினா நியாயமாப் பேசுவாரு. நான் கமிட்டிக்கும் செக்ரெட்டரி.

உக்கிராணத்துவ ஞாயிறுன்னு ஒண்ணு வச்சோம். பாஸ்டர் அன்னைக்கு ரொம்ப நல்லாப் பேசினாரு. நம்ம கையில இருக்கிறது எதுவும் நம்மளுது இல்ல, எசமான் நம்பி விட்டுட்டுப் போன சரக்கு, நாம வெறும் உக்கிராணக்காரங்கன்னாரு. முப்பத்தஞ்சு நிமிஷம் பேசினாரு, சலோமியக்கா டப்பாவைத் தட்டவே இல்ல. முடிஞ்சதும் ஆளுக்கொரு ரோஸ் கலர் அட்டை கொடுத்தோம். செங்கல், சிமென்ட், ஃபேன், பெஞ்சு, ஜன்னல், கதவுன்னு வரிசையா அச்சடிச்சு, எதெதுக்கு எவ்வளவு ஆகும்னு பக்கத்துலயே போட்டிருந்தோம். தங்களால முடிஞ்சதுல டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டு, பலிபீடத்துக்கு முன்னால தட்டுல வைக்கணும். ஜீவனஹள்ளிக்காரங்க பெரும்பாலும் செங்கல், ரிச்சர்ட்ஸ் டவுன்காரங்க ஃபேனும் பெஞ்சும். ஜன்னல் கொடுக்கிற வசதி நாலு குடும்பத்துக்குத்தான் இருந்துச்சு. அட்டைகளைப் பிரிச்சா, அஞ்சாவதா ஒரு ஜன்னல். கோணல்மாணலா 'சலோமி'ன்னு கையெழுத்து.

கமிட்டியில சிரிச்சாங்க. எல்லாரும் பாசமாத்தான் சிரிச்சாங்க, பாவம் தெரியாமப் போட்டிருக்குன்னு. நான் போய்ச் சொல்றேன்னு எழுந்தேன். அடுத்த வாரம் வாசல்ல மடக்கி, 'சலோமி அம்மா, நீங்க ஜெபத்துல தாங்கினா போதும்'னு பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அவங்க என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"ஜெபத்துல காத்து வருமா செக்ரெட்டரி ஐயா? ஜன்னல்னு போட்டேன், ஜன்னல் வரும்."

மறுவருஷம் பங்களாவை வித்துட்டாங்க. வீட்டம்மா போயாச்சு, பிள்ளைங்க ஆஸ்திரேலியாவுல. இடிச்சிட்டு அபார்ட்மென்ட் கட்டப் போறாங்க. அந்தக் காலத்துல ரிச்சர்ட்ஸ் டவுன்ல மாசத்துக்கு ஒரு பங்களா அப்படிச் சாய்ஞ்சுது. மூத்த மகன் வந்து, வேலை பார்த்தவங்களைக் கூப்பிட்டு, வீட்டுல இருந்து பிடிச்சதை ஒண்ணு எடுத்துக்குங்கன்னு சொல்லியிருக்காரு. டிரைவர் பீரோவைக் கேட்டிருக்கான், தோட்டக்காரன் கட்டிலைக் கேட்டிருக்கான். சலோமியக்கா சமையலறை ஜன்னலைக் கேட்டாங்க. அந்த மனுஷன் மூணு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டாராம், ஜன்னலா, ஜன்னலான்னு.

தள்ளுவண்டியில வச்சுக் கோயிலுக்குக் கொண்டுவந்தாங்க. வண்டிக்காரன் தள்ள, அக்கா பக்கத்துல ஒரு கையால ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டே நடந்து வந்தாங்க. நான் அப்ப மேஸ்திரி முனிகிருஷ்ணனோட அஸ்திவாரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். வண்டியில என்ன இருக்குன்னு பார்த்ததுமே அடையாளம் தெரிஞ்சுது. அந்தக் கட்டையில தட்டு வச்சு வச்சுத் தேய்ஞ்ச இடம் வழவழன்னு ஒரு பள்ளமா அப்படியே இருந்துச்சு. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால தானே எண்ணெய் போட்டுத் துடைச்ச மரம்னு அக்கா முனிகிருஷ்ணன்கிட்ட பெருமை பேசிக்கிட்டிருந்தாங்க. அவர் விரலை மடக்கித் தட்டிப் பார்த்துட்டு, 'சென்னாகிதே சார், கல்லு மாதிரி இருக்கு'ன்னாரு. அக்கா என் பக்கம் திரும்பி, ஒண்ணுமே தெரியாத மாதிரி, 'நல்லா இருக்குதுங்களா செக்ரெட்டரி ஐயா'ன்னு கேட்டாங்க. நல்லா இருக்கு, வச்சிடலாம்னு சொன்னேன். சொன்னது என் வாய்தான்.

சனிக்கிழமை சாயந்தரம் கமிட்டி கூடிச்சு. புதுப் பகுதிக்கு எல்லாமே அலுமினிய ஜன்னல், இது மட்டும் மரம், யாராவது வேண்டாம்பாங்கன்னு உள்ளூர ஒரு ஆசை எனக்கு. அலெக்சாண்டர் சார் அதைக் கெடுத்தாரு. அருமையான தேக்கு, பாஸ்டர் அங்கி மாத்துற வெஸ்ட்ரிப் பக்கச் சுவத்துல வைக்கலாம்னாரு. அதோட விட்டாரா? கீழ ஒரு சின்ன பித்தளைத் தகடு, இன்ன பங்களாவோட சமையலறையில இருந்து சலோமி அம்மா கொடுத்ததுன்னு. கட்டி முடிச்சுப் பிரதிஷ்டை பண்ற அன்னைக்கு அவங்களையே மேடையேத்தி, அந்த ஜன்னலோட கதையை நாலு வார்த்தை சொல்லச் சொல்லலாம், உக்கிராணத்துவம்னா இதுதான்னு ஜனங்களுக்குப் புரியும்னாரு. அப்புறம் என்னைப் பார்த்து, 'நீயும் ரிச்சர்ட்ஸ் டவுன்தானே தியோடர், அந்த பங்களா உனக்குத் தெரிஞ்சிருக்குமே'ன்னாரு.

அந்த ஜன்னலோட கதை. அதுல நான் தட்டை ஏந்திக்கிட்டு நிக்கிறேன். கோட்டு போட்டு ஜீவிய சரித்திரம் வாசிக்கிறவன், ஹெட்மாஸ்டர் மருமகன், எல்லாரும் அந்தக் கட்டையில பள்ளத்தைத் தடவிப் பார்க்கிறாங்க. எனக்கு அது மட்டும்தான் கண்ணுல தெரிஞ்சுது. முப்பது வருஷமா வாயே திறக்காதவங்க மேடையில திறந்துடுவாங்களா? ஒரு வார்த்தை தனியாக் கேட்டிருந்தா, 'அதெல்லாம் சொல்லுவேனா ஐயா'ன்னு முடிச்சிருப்பாங்க. கேக்கிறதுன்னா அந்தத் தட்டைப் பத்திப் பேசணும். அதுக்கு எனக்குத் துப்பில்லை.

"அது ஆகாது சார். உள்ள கரையான் இருக்கு. நான் குத்திப் பார்த்துட்டேன்."

அலெக்சாண்டர் சார் எதிர்ல விரிச்சிருந்த பிளானைச் சுருட்டினாரு. அப்படியா, பாவமே, நீ பார்த்துட்டேன்னா சரிதான்னாரு. என் வார்த்தையை நம்பினாரு. அந்த வீட்டம்மா அக்காவை நம்பின மாதிரியே.

திங்கக்கிழமை முனிகிருஷ்ணன்கிட்ட, இதை என் வீட்டுல போட்டுடுங்க, அடுப்புக்கு ஆகும்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு, ஒண்ணும் கேக்கல. மொட்டை மாடியில வச்சு, உடைச்சிடலாம்னு சுத்தியலை எடுத்தேன். ரெண்டு அடிதான், ரெண்டும் துள்ளி என் கட்டை விரல்லயே பட்டுச்சு. மரத்துல ஒரு கீறல் விழல. தார்ப்பாயைப் போட்டு மூடி வச்சேன். சம்சாரம் கேட்டதுக்குப் பழைய மரம், எதுக்காவது ஆகும்னேன்.

அக்காகிட்ட யார் சொல்றது? நான்தான் சொல்லணும். சொல்லல. நாளைக்கு, நாளைக்குன்னு ஒரு வருஷம் ஓடி, 1996 நவம்பர்ல பிரதிஷ்டை நாளே வந்துடுச்சு.

அன்னைக்கு அக்கா புதுப் புடவை, கேரல் எடுத்துக் கொடுத்தது, மாம்பழக் கலர். ஆராதனை முடிஞ்சு எல்லாரும் டீ குடிக்கப் போனாங்க. அக்கா மட்டும் சுவரு சுவரா பார்த்துக்கிட்டே நடந்தாங்க. உள்ள ஒரு சுத்து, வெளிய ஒரு சுத்து. மறுபடியும் உள்ள வந்து வெஸ்ட்ரிப் பக்கம் எட்டிப் பார்த்தாங்க. நான் போர்டிகோவுல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அவங்க தேடுறது என்னன்னு அங்க எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெளிய வந்தவங்களை அலெக்சாண்டர் சார் பார்த்துட்டாரு. நல்ல மனசோடதான் கேட்டாரு, ஆனா டீ டம்ளரோட முப்பது பேர் நிக்கிற இடத்துல கேட்டுட்டாரு. ஜன்னல்ல கரையான் இருந்துச்சாமே சலோமி அம்மா, தியோடர் சொன்னாரு, கொண்டுவர்றதுக்கு முன்னால பார்க்கலையான்னாரு.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. கோபமா பார்த்திருந்தா தாங்கியிருப்பேன். முதல்ல புரியாமப் பார்த்தாங்க. அப்புறம் புரிஞ்சுது. எல்லாமே புரிஞ்சுது, எதுக்காகச் சொன்னேன்கிறது உட்பட. அந்த முகத்துல அது வந்து சேர்ந்ததை நான் பார்த்தேன்.

"ஆமாங்க, இருந்துச்சு. நான்தான் கவனிக்காமக் கொண்டுவந்துட்டேன்."

சொல்லிட்டு டீகூடக் குடிக்காமப் போயிட்டாங்க. பின்னால ஒரு அம்மா, கர்த்தருக்குக் கொடுக்கிறதைப் பார்த்துக் கொடுக்க வேண்டாமான்னு முணுமுணுத்தாங்க. என் காதுல விழுந்துச்சு. டீ வாங்கப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் அவங்களுக்குப் பேரே மாறிப் போச்சு, 'கரையான் ஜன்னல் அம்மா'. அறுப்பின் பண்டிகையில காணிக்கையா வர்ற காய், பழம், கோழி எல்லாத்தையும் ஆராதனை முடிஞ்சதும் ஏலம் விடுவோம். 98ல அக்கா தன் வீட்டுத் தொட்டியில காய்ச்ச பப்பாளியைக் கொண்டுவந்தாங்க. ஏலம் போட்டவர் அதைத் தூக்கிக் காட்டி, சலோமி அம்மா பப்பாளி, கரையான் கிடையாது, கேரண்டின்னாரு. கூட்டம் சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சிரிக்காம இருந்தா சந்தேகம் வருமேன்னு சிரிச்சேன். முப்பத்தஞ்சு வருஷம் ஒரு பிடி சர்க்கரை குறையாமப் பார்த்துக்கிட்டவங்க, கெட்டுப்போனதைக் கோயிலுக்குக் கொடுத்தவங்கன்னு பேர் வாங்கிட்டு, பப்பாளி எந்த விலைக்குப் போகுதுன்னு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.

2002ல அவங்களுக்கு முழங்கால் ரெண்டும் போச்சு. கோயிலுக்கு வர முடியல. ராப்போஜனத்தை வீட்டுக்கே எடுத்துக்கிட்டுப் போற பாஸ்டரோட நானும் ஜூன்ல ஒருநாள் போனேன். அந்த வீட்டுக்குள்ள நான் போனது அதுதான் முதல் தடவை. ஒரே ஒரு ஜன்னல். அதுக்கும் ஒரு கதவு இல்ல. அட்டைப்பெட்டியைக் கிழிச்சு ஆணி அடிச்சு வச்சிருந்தாங்க. மழைச்சாரல்ல அட்டை ஊறித் தொங்கிக்கிட்டிருந்துச்சு.

மறுநாளே கூட்ஸ் ஆட்டோ பிடிச்சு ஜன்னலை ஏத்திக்கிட்டுப் போனேன். கேரல் ஸ்கூலுக்குப் போயிருந்தா. டிரைவரும் நானும் பிடிச்சு இறக்கி, வாசல்ல சுவத்துல சாத்தினோம். அக்கா கட்டில்ல இருந்தே பார்த்தாங்க. கிட்ட கொண்டுவரச் சொல்லி அந்தப் பள்ளத்தைத் தடவினாங்க. 'காய்ஞ்சு போச்சு, எண்ணெயே காட்டலையா'ன்னுதான் முதல்ல கேட்டாங்க.

அப்ப நான் உடைஞ்சு போயிட்டேன். அறுபது வயசுல அவங்க கட்டில் ஓரத்துல உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரங்க தின்னு போட்ட மிச்சத்தை வாங்கித் தின்னேன்னு வெளிய தெரிஞ்சிடுமேங்கிற வெட்கத்துலதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்னு சொன்னேன். அக்கா டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை பொடி போட்டாங்க.

"மிச்சமா? அந்த வீட்டு மிச்சம் நாய்க்குப் போகும். அது என் சாப்பாடு தம்பி. எனக்குன்னு அளந்து வச்சதுல பாதி."

உக்கிராணச் சாவி இடுப்புல. உள்ள மூட்டை மூட்டையா அரிசி. அதுல ஒரு பிடி தொடாம, தன் தட்டை ரெண்டாப் பிரிச்சிருக்காங்க, ரெண்டு வருஷம். நான் நாற்பது வருஷமா வெட்கப்பட்டது தப்பான விஷயத்துக்கு.

ஜன்னலை இங்கயே வச்சுக்குங்கக்கா, ஆளை அனுப்பிப் பொருத்திக் கொடுக்கிறேன்னு கெஞ்சினேன். ஒத்துக்கல. கோயிலுக்குக் கொடுத்தாச்சு, கொடுத்ததைத் திரும்ப வாங்கி என் வீட்டுல மாட்டிக்கிட்டு எந்த முகத்தோட ஜெபம் பண்ணுவேன்னாங்க. கோயிலுக்கே கொண்டு போன்னாங்க. கொண்டு போனா எல்லார் முன்னாலயும் சொல்லணுமேக்கான்னேன். 'அது உன் பாடு'ன்னாங்க. அதே ஆட்டோவுல ஜன்னல் திரும்பவும் என் மாடிக்கு வந்துடுச்சு.

சொல்லிடறதுன்னுதான் இருந்தேன். சத்தியமா இருந்தேன். ஜூலையில பாஸ்டர் மாறினாரு, புது ஆள்கிட்ட எப்படின்னு தள்ளினேன். ஆகஸ்ட்ல கமிட்டித் தேர்தல். அக்டோபர்ல அறுப்பின் பண்டிகை, நல்ல நாளும் அதுவுமா வேண்டாம்னு பார்த்தேன். அப்புறம் கிறிஸ்துமஸ். கிறிஸ்துமஸுக்கு லின்சீடு ஆயில் வாங்கி ஜன்னலுக்குப் போட்டேன், அது மட்டும் செஞ்சேன். ஜனவரி பதினொண்ணாந் தேதி மத்தியானம் கேரல் போன் பண்ணினா, அம்மா போயிட்டாங்க அங்கிள், நீங்கதான் ஜீவிய சரித்திரம் எழுதணும்னு.

எழுதினேன். நல்ல தமிழ்ல, ஒரு பக்கம். அதுல ஒரு வரி சேர்த்தேன், எனக்கு நானே தைரியம் வந்துட்டதா நினைச்சுக்கிட்டு: 'தேவாலய விரிவாக்கப் பணிக்கு மனமுவந்து ஒரு ஜன்னலைக் காணிக்கையாகக் கொடுத்தார்.' அதுலயே எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். என் புத்தி அவ்வளவுதான்.

பெட்டி நடுவுல இருந்துச்சு. மாம்பழக் கலர் புடவையைக் கட்டி விட்டிருந்தா கேரல். நான் கோட்டு போட்டுக்கிட்டு வாசிச்சேன், குரல் கணீர்னு இருந்துச்சு. அந்த வரி வந்துச்சு. நாலாவது பெஞ்சுல யாரோ பக்கத்துல இருக்கிறவங்க காதுல, 'அந்தக் கரையான் ஜன்னலா'ன்னு கேட்டாங்க. மெதுவாத்தான் கேட்டாங்க, ஆனா அமைதியான இடம், எல்லாருக்கும் கேட்டுச்சு. ரெண்டு மூணு பேர் வாயைப் பொத்திக்கிட்டாங்க. செத்துப் படுத்திருக்கிறவங்க முன்னால ஒரு சின்னச் சிரிப்பு பெஞ்சு பெஞ்சா நகர்ந்து போச்சு. கேரல் தலையைக் குனிஞ்சா.

நான் பேப்பரை மடிச்சுப் பையில வச்சேன்.

"அதுல கரையான் கிடையாது. நான் பொய் சொன்னேன். அந்த ஜன்னல் வழியா இந்த அக்கா தன் சோத்துல பாதியைக் கொடுத்து ரெண்டு வருஷம் என்னைக் காப்பாத்தினாங்க. எங்கம்மா அந்த வீட்டு ஆயா. அது வெளிய தெரியக் கூடாதுன்னு பொய் சொன்னேன். அவங்க எனக்காக அந்தப் பழியை வாங்கிக்கிட்டாங்க."

சொல்லி முடிச்சதும் எனக்குப் பாரம் இறங்கினதா நினைப்பீங்க. ஒண்ணும் இறங்கல. அலெக்சாண்டர் சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தாரு. என் சம்சாரம் முப்பத்தஞ்சு வருஷமா தெரிஞ்ச முகத்தைப் புதுசாப் பார்க்கிற மாதிரி பார்த்தா. புது பாஸ்டருக்கு என்ன பண்றதுன்னு தெரியல. அடுத்த கீர்த்தனை நம்பரைச் சொல்றதும் என் வேலைதான். சொன்னேன். பாடினாங்க.

செக்ரெட்டரி வேலையை அன்னைக்கே எழுதிக் கொடுத்துட்டேன். பிப்ரவரியில முனிகிருஷ்ணன் வந்து வெஸ்ட்ரிப் பக்கச் சுவத்தை உடைச்சு ஜன்னலைப் பொருத்தினாரு. காசு வேண்டாம்னுட்டாரு. அன்னைக்கே தெரியும் சார், நானும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்னாரு. பித்தளைத் தகட்டுல அலெக்சாண்டர் சார் சொன்ன வாசகத்தையே போட்டோம். புதுசா ஒண்ணும் சேர்க்கல.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சு கூட்டம் போனப்புறம் கேரல் அந்த ஜன்னல்கிட்ட போனா. கதவு ரெண்டையும் திறந்தா. கொஞ்சம் காத்து வந்துச்சு. அவங்கம்மா மாதிரியே அந்தப் பள்ளத்துல கையை வச்சுத் தடவிக்கிட்டு நின்னா. நான் பின்னால நிக்கிறது அவளுக்குத் தெரியும்.

"இருக்கும்போது சொல்லியிருக்கலாமே அங்கிள்."

ஆமாம்மான்னேன். அவ கதவைச் சாத்திட்டு, பையை எடுத்துக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டா.